மாட்டை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா? நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு பால் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். காலையில் பாலை ஊற்றிவிட்டுச் சீட்டுக்கு நிற்கும்போது பலரும் பேச்சைத் தொடங்குவது ஒரே மாதிரிதான்: "இனி மாடு வைத்தால் கட்டுப்படியாகுமா சார்?" ஹட்டியிலிருந்து (படகர் ஊர்) வருபவர்கள், எஸ்டேட் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகள்) பின்னால் ஒற்றை மாடு கட்டியிருப்பவர்கள், கேரட் போடுகிறவர்கள் எல்லோரும் கேட்டதை இங்கே தொகுத்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாசத்துக்காக மாடு வைத்திருப்பதில் ஒரு தப்பும் இல்லை. அந்தப் பாசத்துக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாதாமாதம் பால் பணம் வருகிறது. ஆனால் லாபமா நட்டமா என்றே தெரியவில்லை. எப்படிக் கணக்குப் போடுவது?

மாதக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். ஈன்ற புதிதில் பணம் புரளும். வற்றிய பிறகு தீவனக் கடைக்காரருக்கு அதெல்லாம் திரும்பிப் போகும். ஒரு ஈற்றிலிருந்து அடுத்த ஈற்று வரைக்கும் ஒரே கணக்காகப் போடுங்கள்.

ஒரு ஜெர்சிக் கலப்பின மாட்டை எடுத்துக்கொள்வோம். கீழே வருபவை எடுத்துக்காட்டுக்கான எண்கள், உங்கள் வீட்டு எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஈன்றதும் பத்து லிட்டர் கறக்கும், போகப்போகக் குறையும். சராசரி 7 லிட்டர் என்று 300 நாள் கறந்தால் 2,100 லிட்டர். ஆவின் கொள்முதல் விலையை 2022 நவம்பரில் பசும்பாலுக்கு 35 ரூபாய் ஆக்கினார்கள், 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) இறங்கினால் விலையும் இறங்கும். ஆகவே 36 என்று வைப்போம். வரவு 75,600 ரூபாய்.

இனி செலவு. மாடு தன் உடம்பைக் காக்க ஒன்றரை கிலோ அடர்தீவனம், கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 400 கிராம் என்பது பொதுவான அளவு. 7 லிட்டருக்கு மொத்தம் 4.3 கிலோ. 300 நாளுக்கு 1,290 கிலோ. வற்றிய காலத்தை 130 நாள் என்று வைத்து, நாளுக்கு 2 கிலோ என்றால் இன்னொரு 260. கிலோ 30 ரூபாய் என்றால் 46,500. வைக்கோல் மலையில் விளைவதில்லை, கீழே இருந்து லாரியில் ஏறி வர வேண்டும். வாடகையோடு கிலோ 12 என்று பிடித்தால், நாளுக்கு 4 கிலோ, 430 நாளுக்கு 20,640. சினை ஊசி, வைத்தியம், தாது உப்பு, காப்பீடு எல்லாம் சேர்த்து 5,500. மொத்தம் 72,640. கையில் நிற்பது 2,960 ரூபாய், பதினான்கு மாதத்துக்கு.

கணக்கு இத்தோடு முடியவில்லை. மாடு தேய்கிறது. 60,000-க்கு வாங்கி ஐந்து ஈற்றுக்குப் பிறகு 20,000-க்கு விற்றால், ஒவ்வொரு ஈற்றுக்கும் 8,000 ரூபாய் தேய்மானம். இதை யாரும் எழுதுவதில்லை, ஏனென்றால் அந்தப் பணம் ஒரே நாளில் கையை விட்டுப் போவதில்லை. அதையும் கழித்தால் 5,040 நட்டம்.

அப்படியானால் ஊரில் எல்லோரும் நட்டத்துக்கா மாடு வைத்திருக்கிறார்கள்?

சாணத்தை மறந்துவிட்டோமே! மலையில் அதை எழுதாத கணக்கு பாதிக் கணக்குதான். ஒரு கலப்பின மாடு நாளுக்குச் சுமார் 15 கிலோ சாணம் போடும். 430 நாளுக்கு ஆறரை டன் கிட்ட வரும், மக்கிய பிறகு பாதியாகும். மூன்று டன் எரு, டன் 3,000 ரூபாய் என்று வைத்தாலும் 9,000. நட்டம் போய் 3,960 லாபம் நிற்கிறது.

கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட் போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சரிவில் மேல்மண் மழைக்குக் கரைந்துகொண்டே இருக்கும். எரு போடாத நிலத்தில் யூரியா மட்டும் கொட்டி எத்தனை நாள் தள்ள முடியும்? மசினகுடிப் பக்கம் ஒரு காலத்தில் பெரிய பட்டி வைத்திருந்தவர்கள் பலர் பாலை நம்பி வைக்கவில்லை. சாணத்தைக் காயவைத்துக் கேரளத் தோட்டங்களுக்கு லாரியில் அனுப்பினார்கள். பால்தான் அங்கே உபரி.

ஆனால் ஒன்று. உங்களுக்கு நிலமெல்லாம் தேயிலையாக இருந்து, எருவை வாங்குவாரும் பக்கத்தில் இல்லாமல், குழியில் குவிந்து மழையில் கரைந்து ஓடையில் கலந்தால், அந்த 9,000 காகிதத்தில் மட்டும்தான். விற்ற எருவையும், வாங்காமல் மிச்சப்படுத்திய எருவையும் மட்டும் எழுதுங்கள்.

வீட்டு ஆள் பார்க்கும் வேலைக்குக் கூலி போட வேண்டுமா? நம் மாட்டுக்கு நாம் செய்வதற்கு என்ன கூலி?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். சாணி அள்ளுகிற பெண்கள் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

புல் அறுப்பது, சுமப்பது, தண்ணீர் காட்டுவது, கொட்டகை கழுவுவது, இரண்டு வேளை கறப்பது, சங்கத்துக்கு நடப்பது. ஒரு மாட்டுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் என்று குறைத்தே வைப்போம். 430 நாளுக்கு 1,290 மணி. மேலே நின்ற 3,960 ரூபாயை அதால் வகுத்தால் மணிக்கு மூன்று ரூபாய்.

கூலி போடுவதா வேண்டாமா என்பதற்கு ஒரே விடை கிடையாது. அந்த நேரத்தில் அவருக்கு வேறு வருமானம் கிடைக்குமா என்று பாருங்கள். அறுபத்தைந்து வயது மாமியார், இலை பறிக்கவும் போவதில்லை, வீட்டில் சும்மா இருக்கவும் பிடிக்கவில்லை என்றால் அவருடைய மூன்று மணி நேரத்துக்குச் சந்தையில் விலை கிடையாது. மாடு அவருக்குக் கைச்செலவுக்குப் பணம் தருகிறது, நாலு பேரைச் சங்கத்தில் பார்க்க வைக்கிறது. தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். அதே வேலையை, மாட்டுக்காகவே பாதி நாள் கூலியை விட்டுவிட்டு வரும் மருமகள் செய்தால் கணக்கு வேறு. மணிக்கு 50 ரூபாய் என்று வைத்தாலே 64,500. கையில் நிற்பதைக் கழித்து மாதத்துக்குப் பிரித்தால் சுமார் 4,200 ரூபாய். அந்த வீடு மாட்டின்மேல் வைத்திருக்கும் பாசத்தின் மாத வாடகை அது. கொடுப்பவர் அந்தப் பெண்.

அதனால் "வைப்பதா விடுவதா" என்று வீட்டில் பேச உட்காரும்போது, முதலில் பேச வேண்டியவர் சாணி அள்ளுகிறவர். தூளியில் கிடந்த காலத்தில் எருமைப் பால் குடித்த கதையைச் சொல்கிறவர்கள் கடைசியில் பேசட்டும்.

"மாடு இல்லாத வீடும் ஒரு வீடா?" என்கிறார் மாமனார். அவருக்கு என்ன சொல்வது?

அவர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். இந்த மலையில் மாடு வெறும் பால் இயந்திரமாக இருந்ததே இல்லை. தோடர்களுக்குக் கோயிலே பால் மனைதான். படகர் ஊர்களில் மாட்டுக்கு உப்புத் தண்ணீர் காட்டுவதற்கென்றே ஒரு பண்டிகை இருக்கிறது, உப்பு ஹப்பா. வீட்டு மாடுகளை ஓட்டிப்போய், உப்புக் கரைத்த நீரைக் குடிக்க விடுவார்கள். மாடே இல்லாத வீட்டுக்காரரும் அன்றைக்குப் போய் நிற்கிறார்.

ஆனால் மாமனார் நினைவில் இருக்கும் மாடு வேறு, நிலம் வேறு. அன்றைக்குப் புல்வெளி இருந்தது. காலையில் அவிழ்த்து விட்டால் சாயங்காலம் தானே திரும்பும், தீவனத்துக்குக் காசு கிடையாது. அந்தப் புல்வெளியில் பாதி சீகையும் (வாட்டில்) கற்பூர மரமுமாக (யூகலிப்டஸ்) நடப்பட்டுப் போனது, மீதி தேயிலையானது. இன்றைக்கு மாட்டின் வாயில் போகிற ஒவ்வொரு கவளமும் பில் போட்டு வருகிறது. ஐம்பது கிலோ தீவன மூட்டையைப் பிரித்து வாளியில் கொட்டும்போது எழும் அந்தத் தூசிக்கும் நாம் காசு கொடுத்திருக்கிறோம். மாமனாரைக் கையோடு தீவனக் கடைக்குக் கூட்டிப் போங்கள். வீட்டில் நூறு முறை சொல்வதற்கு ஒரு பில் சமம்.

பாசத்துக்கு விலை போடச் சொல்கிறீர்களே, அது கொஞ்சம் கல்மனசு இல்லையா?

கோயிலுக்கு நன்கொடை எழுதும்போது தொகை போட்டுத்தானே எழுதுகிறோம், அதில் பக்தி குறைந்துவிடுகிறதா? வருடத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் பாசக் கணக்கில் போகட்டும் என்று வீடு கூடிப் பேசி எழுதிவிட்டால், பிறகு யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. எழுதாத வீட்டில்தான் மாட்டைப் பார்த்து எரிச்சல் வருகிறது. எரிச்சல் வந்தால் கறக்கிற கை முரடாகும், மடியைத் துடைக்காமல் விடுவார்கள், மடி நோய் வரும். பாசத்தில் வைத்துக்கொண்டு பராமரிப்பில் கைவிட்ட மாடுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். விற்ற வீட்டு மாடுகள் பரவாயில்லை.

தொகையை எழுதினால் இன்னொன்றும் தெரிய வரும். பாசம் பெரும்பாலும் ஒரு மாட்டின்மேல்தான் இருக்கும், ஐந்தின்மேலும் இருக்காது. எங்கள் தெருவில் ஒரு அத்தை நான்கு மாடு வைத்திருந்தார். எதை விடச் சொன்னாலும் விடமாட்டேன் என்றார். ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கேட்டபோது, "கெம்பியை மட்டும் கேட்காதே, மற்றதைப் பற்றி உன் மாமாவிடம் பேசு" என்று வந்துவிட்டது. இப்போது கெம்பி மட்டும் இருக்கிறது. அத்தைக்கு முழங்கால் வலியும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

விடாமலே லாபமாக்க வழி இல்லையா?

இருக்கிறது. பெரும்பாலோர் தேடுகிற இடத்தில் இல்லை. இன்னும் அதிகம் கறக்கும் மாடு வாங்கலாமா என்று கேட்கிறார்கள். அதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள்.

ஒன்று, யாருக்கு விற்கிறீர்கள். டவுனில் வீடு, டீக்கடை, தங்கும் விடுதி என்று பாதிப் பாலை லிட்டர் 55-க்கு நேராக ஊற்ற முடிந்தால், 1,050 லிட்டருக்குக் கூடுதலாக 19,950 ரூபாய் வரும். வேறு எந்த வித்தையும் இவ்வளவு தராது. ஆனால் சீசன் முடிந்ததும் விடுதிக்காரர் பால் வேண்டாம் என்பார், சங்கம் அப்படிச் சொல்லாது. அதனால் சங்கத்துக்கு ஊற்றுவதை முழுக்க நிறுத்திவிடாதீர்கள். (சங்கத்து ஆள் சொல்வதால் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேளுங்கள்.)

இரண்டு, பருவம் தப்புவது. மாடு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். குளிர் காலத்தில் அறிகுறி மங்கலாக இருக்கும், விடியற்காலையில் வந்து போய்விடும், நாம் போர்வைக்குள் இருப்போம். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த 21 நாளும் வெறும் வயிற்று மாட்டுக்குத் தீவனம். நாளுக்கு 2 கிலோ அடர்தீவனம், 4 கிலோ வைக்கோல் என்றால் 108 ரூபாய். ஒரு தவறலுக்கு 2,268. மூன்று முறை தவறவிட்டால், மேலே சொன்ன லாபம் முழுவதும் போய் அதற்கு மேலும் போகும். சினை ஊசி போட்ட தேதியைக் கொட்டகைக் கதவில் சாக்பீஸால் எழுதி வையுங்கள், இரண்டரை மூன்று மாதத்தில் சினைப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

எந்தப் புல் கொடுப்பது? குளிரில் எல்லாம் கருகிவிடுகிறதே.

கம்பு நேப்பியர் கோத்தகிரி, கூடலூர் போன்ற, ஊட்டியைவிடத் தாழ்வான பக்கங்களில் நன்றாக வரும். ஊட்டி, குந்தா பள்ளத்தாக்குகளில் டிசம்பரிலிருந்து உறைபனி விழுந்தால் ஒரே ராத்திரியில் வெந்தது போலாகிவிடும். அங்கே கிக்கூயூ புல் பனிக்கு அடங்கி, பிறகு மறுபடி தழைக்கும். காய்கறிக் கழிவு கேரட் மண்டிகளில் கிடைக்கும். மண்ணைக் கழுவிக் கொடுங்கள், முழுக் கேரட்டை நறுக்கிக் கொடுங்கள், தொண்டையில் சிக்கும். மருந்து தெளித்த தோட்டத்து இலை வேண்டவே வேண்டாம்.

இரண்டு செடிகளைக் கவனியுங்கள். புல் குறைந்த காலத்தில் மாடு பெரணியைத் தின்னத் தொடங்கும். மாதக்கணக்கில் தின்றால் சிறுநீர்ப்பையில் புண்ணும் கட்டியும் வந்து சிறுநீரில் ரத்தம் போகும். நீலகிரியில் இது பழைய சங்கதி. உண்ணிக் காய்ச்சலிலும் சிறுநீர் சிவக்கும், அதற்கு வைத்தியம் உண்டு. பெரணியால் வந்தது முற்றிவிட்டால் மீட்பது கடினம். ஆகவே மருத்துவர் பார்க்காமல் நீங்களாக முடிவு கட்டாதீர்கள். அடுத்தது உண்ணிச்செடி. சரிவெல்லாம் பரவிக் கிடக்கிறது. தின்ற மாட்டுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட இடத்தில் தோல் உரியும்.

எருமையோ நாட்டு மாடோ வைத்தால் செலவு குறையுமா?

செலவு குறையும், பாலும் குறையும். தோடர் எருமை இந்த மலைக்கே உரிய இனம். பாலில் கொழுப்பு 8 சதவீதம் அளவுக்கு இருக்கும், ஆனால் கறப்பது நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர்தான். அது அவிழ்த்துவிட்டு மேயும் பிராணி, கொட்டகையில் கட்டிவைத்துத் தீவனம் போட்டு வளர்க்க ஏற்றதில்லை. மேய்ச்சல் நிலம் இருந்தால் அதைப் போல் சிக்கனம் வேறு எதுவும் இல்லை. அந்த 'இருந்தால்' தான் பிரச்சினை. சமவெளி எருமைப் பாலுக்கு ஆவின் 2022-இல் வைத்த 44 ரூபாயும் ஊக்கத்தொகையும் கிடைத்தாலும், சினைக்காலம் பத்து மாதத்துக்கு மேல், பருவம் கண்டுபிடிப்பதும் சிரமம். நாட்டு மாட்டுப் பாலுக்கு லிட்டர் நூறு ரூபாய் என்று யாராவது ஆசை காட்டினால், தினமும் வாங்குகிற பத்து வீட்டின் பெயரை முதலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

காட்டில் மேய்த்தால் என்ன? எங்கள் தாத்தா மேய்த்த இடம்தானே.

தாத்தா மேய்த்த இடம் இப்போது எந்த வகையில் இருக்கிறது என்று பாருங்கள். முதுமலை 2007-இல் புலிகள் காப்பகமானது. காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா இவற்றுக்குள் கால்நடை மேய்ச்சல் கூடாது என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மலைவாழ் மக்களின் வன உரிமை தனிச் சட்டம், தனிப் பேச்சு. மற்றவர்கள் அந்தக் கணக்கை மறந்துவிடுங்கள்.

உரிமை இருக்கும் இடத்திலும் புலி இருக்கிறது. டி-23 என்று எண்ணிட்ட புலியை 2021 அக்டோபரில் மசினகுடிப் பக்கம் உயிரோடு பிடிப்பதற்குள் அது மனிதர்களையும் எத்தனையோ மாடுகளையும் கொன்றிருந்தது. தேயிலைக் காட்டோரம் சிறுத்தை கன்றைத்தான் குறிவைக்கும். அடித்துவிட்டால் உடலை நகர்த்தாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லி அவர்கள் வந்து பார்த்த பிறகுதான் இழப்பீட்டு மனு நிற்கும். ஆத்திரத்தில் விஷம் வைத்தால் சிறை. அதோடு செத்த மாட்டைத் தின்ன வரும் எல்லா உயிரும் சாகும்.

வேடிக்கை என்னவென்றால், நாம் மாட்டை விட விட, தேயிலைக்குள் காட்டுமாடு கூடிக்கொண்டே வருகிறது. அதற்குத் தீவனமும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், நம் பீன்ஸ் போதும்.

வற்றிப்போன கிழட்டு மாட்டை என்ன செய்வது?

இதைத்தான் எல்லோரும் கடைசியில், குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். நேராகவே பேசலாம்.

ஒன்றரை கிலோ தீவனமும் 5 கிலோ வைக்கோலும் போட்டால் நாளுக்கு 105 ரூபாய். ஆண்டுக்கு 38,000-ஐத் தாண்டும். பத்து வயதில் நின்ற மாடு இன்னும் ஆறேழு வருடம் உயிரோடு இருக்கலாம். முடிந்தவர்கள் வைத்துக்கொள்ளலாம். சிலர் வைத்துக்கொள்கிறார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அந்தப் பணத்துக்காகக் கறவை மாட்டின் தீவனத்தைக் குறைக்கிறீர்கள் என்றால் இரண்டையும் பட்டினி போடுகிறீர்கள்.

விற்றால் தரகர் வருவார், மாடு பொள்ளாச்சிச் சந்தைக்கு இறங்கும், அங்கிருந்து பெரும்பாலும் கேரளம். எங்கே போகிறது என்று தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம். 1958-ஆம் ஆண்டு தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்றோ, காயம், ஊனம், தீராத நோய் இவற்றால் நிரந்தரமாக உதவாமல் போனது என்றோ சான்று பெற்ற மாட்டைத்தான் வெட்ட அனுமதிக்க முடியும். பசுவுக்கு இங்கே தனித் தடையும் உண்டு. ஒரு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்றும் விதி இருக்கிறது. மலைப்பாதையில் எதிரே வரும் லாரியை எண்ணிப் பாருங்கள், எத்தனை விதி கடைப்பிடிக்கப்படுகிறது என்று தெரியும்.

என் யோசனை: கிழடாகும் வரை காத்திருக்காதீர்கள். நான்காம் ஐந்தாம் ஈற்றில், சினையோடோ கறவையோடோ இருக்கும்போது விற்றால் அதை வாங்குகிறவர் வளர்க்கத்தான் வாங்குவார். விலையும் இரண்டு மடங்கு கிடைக்கும். தள்ளிப்போடத் தள்ளிப்போட, வாங்க வருபவர் மாறிவிடுவார். பாசத்தின் பேரில் தள்ளிப்போட்டுத்தான் பல மாடுகள் கடைசி லாரியில் ஏறுகின்றன.

காளைக் கன்று பிறந்தால்?

கலப்பினக் காளைக் கன்றுக்கு இந்த மலையில் உழவு வேலை கிடையாது. பால் விடாமல் காயப்போடுவதும் கொலைதான், மெதுவான கொலை. முன்பே தவிர்ப்பது நல்லது. கிடேரிக் கன்றே பிறக்கும் வாய்ப்பை மிக அதிகமாக்கும் பாலினம் பிரித்த விந்து ஊசி இப்போது வந்துவிட்டது. அந்த உறைவிந்து உற்பத்தி நிலையமே ஊட்டியில் இருக்கிறது. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். எல்லா மாட்டுக்கும் ஒரே முறையில் சினை பிடிக்காது, முதல் ஈற்றுக் கிடேரிகளில் நன்றாகப் பிடிக்கும்.

வீட்டிலேயே இறந்துவிட்டால் எப்படி அப்புறப்படுத்துவது?

ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள், நீரோடையை விட்டுத் தள்ளியே. மாயாறுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறுக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. டைக்ளோபினாக் என்ற வலி ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்றால் அவற்றின் சிறுநீரகம் கெட்டுவிடும். கால்நடைக்கு அந்த மருந்தை 2006-லும், கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் இரண்டையும் 2023-லும் தடை செய்தார்கள். வலிக்கு மெலாக்சிகம் போடச் சொல்லிக் கேளுங்கள். மனிதர்களுக்கான ஊசியை மெடிக்கலில் வாங்கிவந்து மாட்டுக்குப் போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

பத்து மாடாகப் பெருக்கினால் கட்டுமா? கடன் தருகிறார்களே.

கிசான் கடன் அட்டையில் கால்நடைக்கும் கடன் உண்டு, உண்மைதான். ஆனால் ஒரு மாட்டுக்கே புல் போதாத இடத்தில் பத்து மாடு என்றால் முழுத் தீவனமும் மேட்டுப்பாளையம் ரோட்டில்தான் ஏறி வர வேண்டும். சொந்தப் புல் நிலம், நேரடி விற்பனை, எரு வாங்க ஆள், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு கையில் இல்லாதவர் கடன் வாங்க வேண்டாம்.

முழுக்க விட மனசில்லை, முழுக்க வைக்கவும் முடியவில்லை. நடுவழி உண்டா?

ஒன்றாகக் குறையுங்கள். வீட்டுக்குப் பால், தோட்டத்துக்கு எரு, பாசத்துக்கு ஒரு பெயர். வெளியே வாங்கும் பாலின் விலையை மிச்சம் பிடிப்பதால் ஒற்றை மாட்டின் கணக்கு பல வீடுகளில் நன்றாகவே வரும்.

அல்லது வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க விடுங்கள். கிடேரியை இன்னொருவர் வளர்ப்பார், ஈன்றதும் கன்றையோ விலையையோ பங்கு போட்டுக்கொள்வீர்கள். தெரிந்த வீடாக இருந்தால் போய்ப் பார்த்துவிட்டும் வரலாம். செத்தால் யார் பொறுப்பு, ஊசிச் செலவு யாருடையது என்று முதலிலேயே பேசி, இரண்டு பேர் முன்னால் எழுதிக்கொள்ளுங்கள். உறவுக்குள் விடும்போது இதை எழுதாமல் விட்டுத்தான் உறவு கெடுகிறது.

இன்னொரு வழி, எரு ஒப்பந்தம். மாடு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்கு உங்கள் நிலத்தில் புல் அறுக்க விடுவது, பதிலுக்கு எரு வாங்கிக்கொள்வது. மாடு உங்களுடையது இல்லை, ஆனால் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பல மாமனார்களுக்கு இது போதுமானதாக இருக்கிறது.

விற்பதென்று முடிவாகிவிட்டது. எப்போது, எப்படி?

சினை ஏழு மாதத்திலோ, ஈன்று ஒரு மாதத்துக்குள்ளோ நல்ல விலை போகும். உறைபனிக் காலத்தில் விற்காதீர்கள், புல் இல்லாததால் எல்லோரும் அப்போதுதான் விற்பார்கள். மழை விழுந்து புல் தழைத்த பிறகு விலை கேளுங்கள். முதலில் ஊருக்குள், பிறகு பக்கத்து ஊர், தரகர் கடைசி. சங்கத்துப் பால் சீட்டுகளைக் காட்டுங்கள், வாய்ப்பேச்சைவிட அதற்கு மதிப்பு. காம்பில் குறை இருந்தால் மறைக்காதீர்கள், நாளைக்கு அவரும் அதே சங்கத்தில்தான் பால் ஊற்றுவார்.

தலைக்கயிற்றைக் கொடுக்க மாட்டோம் என்பது பல வீட்டு வழக்கம், வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவரட்டும். கோமாரித் தடுப்பூசி போட்ட விவரத்தைக் கேட்டு வைத்துக் கொடுங்கள். காதில் இருக்கும் பன்னிரண்டு இலக்க வில்லையை எக்காரணம் கொண்டும் கழற்ற விடாதீர்கள். அந்த எண்ணைப் புது உரிமையாளர் பெயருக்கு மாற்றச் சொல்லி மருந்தகத்தில் பதியுங்கள், காப்பீடு இருந்தால் அதையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பெயர் மாறாமல் மாடு இறந்தால் அவருக்கும் பணம் வராது, உங்களைத்தான் தேடி வருவார்கள்.